பாலர் வகுப்பில் கவனப் பயிற்சி: வாசகர் கேள்வி – பதில்

மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் சிங்கப்பூரின் பாலர் பள்ளிகள் சிலவற்றில் இடம்பெற்றுவரும் கவனப் பயிற்சி குறித்து வாசகர்களிடமிருந்து கேள்விகள் வந்துள்ளன. இந்த நேரத்தில் நம் உடலிலும் மனத்திலும் சுற்றுப்புறத்திலும் நிகழ்வதை அவசரமின்றி, குறைகாணாமல் கவனிக்கப் பழகுவதே அந்தப் பயிற்சி. பாலர் கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துவரும் நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

நான் என்2 (நான்கு வயதுப் பிள்ளைகள்) வகுப்பின் ஆசிரியை. காலையில் பிள்ளைகளைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, கண்களை மூடி, ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறேன். அரை நிமிடத்திலேயே ஒருவரையொருவர் சீண்டத் தொடங்கிவிடுகிறார்கள். நான் எதை மாற்ற வேண்டும்?
– ஆசிரியை, ஈசூன்

பிள்ளைகளிடம் குறையில்லை. அவர்களிடம் கேட்கப்படும் செயல்தான் வயதை மீறியது. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கவும், கை துறுதுறுக்கும்போது அதை அடக்கிக்கொள்ளவும் துணைசெய்யும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டே இருப்பது. நான்கு வயதில் அது தொடக்கநிலையில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிபடாத, ஓசையும் இல்லாத மூச்சை ஐந்து நிமிடம் தொடர்ந்து கவனிப்பது பெரியவர்களுக்கே எளிதன்று.

ஆகவே முதலில் நேரத்தைக் குறையுங்கள். என்2 பிள்ளைகளுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், ஆறு வயதாகும் கே2 பிள்ளைகளுக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் நீண்ட நேரம் செய்வதைவிட, நாள்தோறும் ஒரே வேளையில் ஒரு நிமிடம் செய்வதுதான் பழக்கமாகப் படியும். கண்களை மூடச் சொல்ல வேண்டாம். கண்ணை மூடினால் அச்சம் கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வயதும் இது. தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம், படுத்துக்கொள்ளலாம், விருப்பமில்லாத பிள்ளை சற்றுத் தள்ளி அமர்ந்து வேடிக்கை பார்க்கலாம். வேடிக்கை பார்க்கும் பிள்ளையும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, மூச்சைக் கண்ணால் காணக்கூடிய ஒன்றாக மாற்ற வேண்டும். முழுநாள் நிலையங்களில் பகல் உறக்கத்துக்கு மெத்தைகளை விரித்ததும், ஒவ்வொரு பிள்ளையும் தன் வயிற்றின்மேல் ஒரு சிறிய துணிப்பொம்மையை வைத்துக்கொண்டு, அது எழுவதையும் இறங்குவதையும் பார்க்கட்டும். "பொம்மையைத் தூங்க வையுங்கள்" என்ற ஒரு வரியே போதுமான அறிவுரை. பெரியவர்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள்; நான்கு வயதுப் பிள்ளைக்கு 20 முதல் 30 வரை இயல்பானது. இந்த வேறுபாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான காணொளிகளில் சொல்வதுபோல் நான்கு எண்ணும்வரை இழுத்து, சற்று நிறுத்தி, ஆறு எண்ணும்வரை விடச் சொன்னால் பிள்ளைக்கு மூச்சு முட்டலாம், தலை சுற்றலாம். எண்ணிக்கையை விட்டுவிட்டு ஊதச் சொல்லுங்கள். உள்ளங்கையில் உள்ள இறகையோ, மேசையில் கிடக்கும் மெல்லிய காகிதத் துண்டையோ, கற்பனைக் குவளையில் ஆவி பறக்கும் மைலோவையோ மெதுவாக ஊதும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. இந்த விளக்கம் ஆசிரியருக்கு உரியது. பிள்ளைக்கு ஊதும் விளையாட்டு மட்டும் போதும்.

மூச்சைவிட ஓசையே இந்த வயதுக்கு நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. இசை வகுப்பில் உள்ள முக்கோண இசைக்கருவியை ஒருமுறை தட்டுங்கள். ஒலி முழுதும் மறைந்துவிட்டது என்று தோன்றும்போது கையை உயர்த்தும்படி சொல்லுங்கள். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயராது, உயர வேண்டியதும் இல்லை. பிறகு, வேறு என்னென்ன ஒலிகள் கேட்டன என்று கேளுங்கள். குயில், குளிர்சாதனத்தின் இரைச்சல், கீழே பேருந்து நின்று கிளம்பும் ஓசை, அடுத்த வகுப்பின் பாட்டு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நம் பாலர் பள்ளிகள் பல, அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில், மெல்லிய தடுப்புகளால் பிரிக்கப்பட்ட வகுப்பறைகளோடு இயங்குகின்றன. முழு அமைதி கிடைக்கும்வரை காத்திருந்தால் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே முடியாது. இரைச்சலையே கவனிக்கும் பொருளாக எடுத்துக்கொண்டால் அது தடையாக இருப்பதில்லை.

உட்கார்ந்து செய்வது பிடிக்காத பிள்ளைகளுக்கு நடை இருக்கிறது. தரையில் ஒட்டிய நாடாவின்மேல், கையில் ஒரு சிறு மணியை ஒலிக்கவிடாமல் பிடித்துக்கொண்டு நடந்து போகச் சொன்னால், வகுப்பிலேயே மிகவும் துள்ளும் பிள்ளைகூட உதட்டைக் கடித்துக்கொண்டு முழுக் கவனத்தோடு நடக்கும். உணவை மெதுவாக உண்ணும் பயிற்சியும் உண்டு. ஆனால், பெரியவர்களுக்கான பயிற்சியில் வழக்கமாகத் தரப்படும் உலர்ந்த திராட்சை இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கலாம். ரம்புத்தான், லோங்கான் போன்ற கொட்டையுள்ள பழங்களையும் தவிர்த்து, வாழைப்பழத் துண்டோ கொட்டை நீக்கிய ஆரஞ்சுச் சுளையோ கொடுங்கள். ஒவ்வாமைப் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, குழுவின் அளவு. ஓர் ஆசிரியருக்கு என்2-இல் 15, கே1-இல் 20, கே2-இல் 25 பிள்ளைகள் என்பது இங்குள்ள வரம்பு. தொடக்கத்தில் அத்தனை பேரையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டாம். மற்றவர்கள் துணை ஆசிரியையுடன் விளையாடிக்கொண்டிருக்க, ஆறேழு பேரோடு தொடங்குங்கள்.

என் மகள் படிக்கும் பாலர் பள்ளியிலிருந்து, அடுத்த தவணையில் மைண்ட்ஃபுல்னஸ் நடவடிக்கைகள் இடம்பெறும் என்று கடிதம் வந்துள்ளது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். இது வேறொரு சமயத்தின் தியானம் என்று என் கணவர் கருதுகிறார். நாங்கள் கவலைப்பட வேண்டுமா?
– தாய், ஜூரோங் வெஸ்ட்

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது; அதைத் தயக்கமின்றிப் பள்ளியிடம் கேளுங்கள். இந்தப் பயிற்சியின் வேர் பௌத்த தியான மரபில் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் என்பவர், நாட்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்காக அதிலிருந்து சமயச் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் நீக்கி, பல வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். இன்று மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் நடைபெறுபவற்றில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் சிங்கப்பூர் வகுப்பறையில் எல்லை தெளிவாக இருக்க வேண்டும். மந்திரம் கூடாது, வழிபாட்டைப் போலக் கைகூப்புவது கூடாது, சிலை, ஊதுபத்தி, சக்கரம், ஆற்றல் என்ற பேச்சு எதுவும் கூடாது. கோயிலையோ மடாலயத்தையோ நினைவூட்டும் கிண்ண மணிக்குப் பதிலாக இசை வகுப்பின் முக்கோணமே போதும். ஒலியைக் கேட்பதும், ஆரஞ்சுச் சுளையை மெதுவாகச் சுவைப்பதும், வயிற்றில் உள்ள பொம்மை அசைவதைப் பார்ப்பதும் எந்த நம்பிக்கையையும் கேட்பதில்லை.

என்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு நேரம், எந்தச் சொற்களைப் பயன்படுத்துவார்கள், என் மகள் கலந்துகொள்ள விரும்பாவிட்டால் எங்கே இருப்பாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் நேரில் பாருங்கள். நல்ல பள்ளி இந்தக் கேள்விகளை வரவேற்கும். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்காமல், நடவடிக்கைகளின் பட்டியலைக் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். தலைப்பைப் பார்த்து அஞ்சுபவர்களில் பலர் பட்டியலைப் பார்த்தால் அஞ்ச மாட்டார்கள்.

என் கே1 வகுப்பில் ஒரு மாணவன் கோபம் வந்தால் கட்டைகளை வீசுகிறான், கத்துகிறான். "ஆழமா மூச்சு விடு" என்று சொன்னால் இன்னும் அதிகமாகக் கத்துகிறான். கவனப் பயிற்சி இவனுக்கு ஒத்துவராதா?
– ஆசிரியை, செங்காங்

பயிற்சி ஒத்துவரலாம், அந்த நேரம்தான் ஒத்துவராது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளையின் உடல் முழுவதும் ஆபத்தைச் சந்திப்பதுபோல் இயங்குகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சொல்வதைக் கேட்டு யோசித்துச் செயல்படும் திறன் பின்தங்கிவிடுகிறது. அந்நேரத்தில் நாம் சொல்லும் "மூச்சு விடு" அவன் காதில் இன்னுமொரு கட்டளையாகவே விழுகிறது. பலமுறை அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைக்கு, மூச்சுப் பயிற்சி என்றாலே தான் தவறு செய்துவிட்டதற்கான அறிகுறி என்று பதிந்துபோகிறது. இதுதான் நான் மிகவும் அஞ்சுவது. எந்தக் காரணத்துக்காகவும் மூச்சுப் பயிற்சியைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது.

அவன் கத்தும்போது முதலில் பாதுகாப்பைப் பாருங்கள்: கட்டைகளையும் மற்றப் பிள்ளைகளையும் விலக்குங்கள். பிறகு அவன் உயரத்துக்குத் தாழ்ந்து, எதிரே நிற்காமல், பக்கவாட்டில் சற்று இடைவெளி விட்டு அமருங்கள். குரலைத் தாழ்த்துங்கள், சொற்களைக் குறையுங்கள். "நான் இங்கதான் இருக்கேன் கண்ணா" என்பதே போதும். அவனை மூச்சு விடச் சொல்லாமல், நீங்கள் அவனுக்குக் கேட்கும்படி நீளமாக மூச்சை விடுங்கள். சிறு பிள்ளைகள் தங்கள் உடலைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்ளும் திறனோடு பிறப்பதில்லை. அமைதியாக இருக்கும் பெரியவர் ஒருவரின் குரலையும் முகத்தையும் அருகாமையையும் பற்றிக்கொண்டுதான் மெல்ல மெல்ல அதைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பெரியவர் பதறினால் பிள்ளைக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அழுகை ஓய்ந்து, தண்ணீர் குடித்து, மடியிலோ பக்கத்திலோ வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. "நீ கட்டிய கோபுரத்தை அவன் தட்டிவிட்டான், உனக்கு ரொம்பக் கோபம் வந்துவிட்டது" என்று நடந்ததைச் சொல்லி, உணர்வுக்குப் பெயர் கொடுங்கள். வீசக்கூடாது என்ற விதியையும் அப்போதே, அதே மென்மையோடு சொல்லுங்கள். கோபம் வரலாம், வீசக் கூடாது என்ற இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஊதும் விளையாட்டையும் வயிற்றுப் பொம்மையையும் அவன் மகிழ்ச்சியாக இருக்கும் வேளைகளில் பழக்குங்கள். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாதல்லவா? பல வாரங்கள் பழகிய பின், கோபம் தொடங்கும் தருணத்தில், உச்சத்தில் அல்ல, உங்கள் உள்ளங்கையை மட்டும் நீட்டிப் பாருங்கள், அவனே ஊதக்கூடும். ஊதாவிட்டாலும் பரவாயில்லை.

வகுப்பில் அமைதி மூலை ஒன்று இருந்தால் நல்லது. மெத்தை, முகபாவப் படங்கள், கட்டிப்பிடிக்க ஒரு பொம்மை, மினுமினுப்புத் தூள் மிதக்கும் தண்ணீர்ப் போத்தல் ஆகியவை போதும். போத்தலின் மூடியைப் பசையிட்டு இறுக ஒட்டிவிடுங்கள். அந்த மூலைக்குப் போவதும் அங்கிருந்து வருவதும் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். "போய் மூலையில் உட்கார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அது தண்டனை மூலையாகிவிடும். பிறகு எந்தப் பிள்ளையும் தானாக அங்கே போகாது.

இவற்றோடு, கோபம் எப்போது வருகிறது என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். விளையாட்டை நிறுத்தச் சொல்லும்போதா, உணவு நேரத்துக்கு முன்பா, இசை வகுப்பின் இரைச்சலிலா, இரவு நேரம் கழித்துத் தூங்கிய மறுநாளா? காரணம் பசியாக இருந்தால் மருந்து உணவுதான், மூச்சு அல்ல. விளையாட்டு முடியப்போவதை முன்கூட்டியே படம் காட்டிச் சொன்னால் பாதிக் கோபம் வராமலே போகலாம். அப்படியும் நாள்தோறும் தொடர்ந்தால், அல்லது பேச்சு, தோழமை, ஒலிகளைத் தாங்கும் தன்மை ஆகியவற்றிலும் சிரமம் தெரிந்தால், குறைசொல்லும் தொனியின்றிப் பெற்றோரிடம் உங்கள் குறிப்புகளைக் காட்டிப் பேசுங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள பிள்ளை வளர்ச்சிப் பிரிவை அணுகலாம். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. வகுப்பறைப் பயிற்சி எதுவும் அந்த மதிப்பீட்டுக்கு மாற்று ஆகாது.

என் பேத்தியின் பள்ளியில் மணியோசையைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்காரக் கற்றுக்கொடுக்கிறார்களாம். எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை. இதனால் பயன் உண்டு என்பதற்கு ஏதாவது சான்று இருக்கிறதா, அல்லது வெறும் நாகரிகமா?
– தாத்தா, அங் மோ கியோ

சான்று இருக்கிறது, ஐயா. ஆனால் விளம்பரங்களில் சொல்லும் அளவுக்கு இல்லை.

பாலர் வயதினரைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டது. 68 பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, கனிவையும் கவனத்தையும் சேர்த்துப் பழக்கும் பாடங்கள் 12 வாரம், வாரத்துக்கு இருமுறை நடத்தப்பட்டன. அந்தப் பிள்ளைகள் மற்றவர்களோடு பழகும் திறனில் கூடுதல் முன்னேற்றம் கண்டதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். ஒட்டுவில்லைகளைப் பகிர்ந்துகொள்ளும் சோதனையில், பயிற்சி பெறாத பிள்ளைகள் நாளடைவில் தங்களுக்கென்று அதிகம் வைத்துக்கொண்டார்கள். நம்பிக்கையூட்டும் முடிவுதான். ஆயினும் 68 பிள்ளைகள் சிறிய எண்ணிக்கை. பழகும் திறனை மதிப்பிட்டவர்கள் அந்த வகுப்புகளின் ஆசிரியர்களே.

மறுபக்கம், பிரிட்டனில் 11 முதல் 14 வயது வரையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. பள்ளிகளில் ஏற்கெனவே நடந்துவந்த சமூக, உணர்வுக் கல்வியைவிடக் கவனப் பயிற்சிப் பாடங்கள் மாணவர்களின் மனநலத்தை மேம்படுத்தவில்லை என்பதே அதில் தெரியவந்தது. வயது வேறு, முறை வேறு என்பதால் அதை அப்படியே பாலர் வகுப்புக்குப் பொருத்த முடியாது; ஆனால், எல்லாருக்கும் பொதுவான மருந்துபோல் இதை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க அது போதிய காரணம். அதே ஆய்வில், பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பணிச் சோர்வு குறைந்திருந்தது. எனக்கு அதுவே முக்கியமான செய்தியாகப் படுகிறது.

தாங்கள் நினைப்பதற்கு மாறாக, இது முழுக்கப் புதியதும் அன்று. 1907-இல் ரோம் நகரில் தம் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்த மரியா மொண்டிசோரி, எல்லாரும் அசையாமல் இருந்து தொலைவில் கேட்கும் சிறு ஓசைகளைக் கவனிக்கும் அமைதி விளையாட்டைத் தம் கல்விமுறையில் சேர்த்திருந்தார். பேத்தியின் வகுப்பில் நடப்பது ஏறக்குறைய அதுதான்.

என் தீர்ப்பு இது: நாளுக்குச் சில நிமிடங்கள், செலவில்லாமல், விளையாட்டாக நடந்தால் வரவேற்கத்தக்கது. இதற்கென்று தனியாக நூற்றுக்கணக்கான வெள்ளி வாங்கும் துணைவகுப்பு தேவையில்லை. உறக்கத்தையும் ஓடியாடும் நேரத்தையும் பறித்துக்கொண்டு இதைச் செய்யவும் கூடாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவோடு இருக்க வேண்டும், பகல் உறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மனம் அமைதிப்பட அவை இரண்டும்தான் அடித்தளம்.

நான் பாலர் பள்ளியில் தமிழாசிரியை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் பிள்ளைகளைப் பார்க்கிறேன்; அவர்களில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள். கவனப் பயிற்சியைத் தமிழில் செய்ய முடியுமா, அல்லது ஆங்கில வகுப்புக்கு விட்டுவிட வேண்டுமா?
– தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்

தமிழில் செய்யுங்கள்; அதற்குத் தமிழ் வகுப்பு மிகவும் பொருத்தமான இடம். கவனப் பயிற்சி என்பது பெரும்பாலும் ஒலி, மணம், சுவை, தொடுகை, உடல் உணர்வு ஆகியவற்றைக் கவனித்துச் சொல்வது. தமிழ்ப் பேச்சில் இவற்றுக்கான சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. வெளியே மழை பெய்யும்போது பாடத்தை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் போங்கள். மழை சடசடவென்று விழுகிறதா, சோவென்று கொட்டுகிறதா, சொட்டுச் சொட்டாகத் தூறுகிறதா? பிள்ளை பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்க வேண்டும். சலசல, கிணுகிணு, தடதட, கீச்கீச் என்று ஒவ்வொரு வாரமும் ஓர் ஒலி சேர்ந்தால், ஆண்டு முடிவில் பிள்ளையின் காதும் நாவும் ஒருசேரப் பழகியிருக்கும்.

மணத்துக்கு, மூடியில் துளையிட்ட சிறு டப்பாக்கள் நாலைந்து எடுத்துக்கொண்டு ஏலக்காய், கறிவேப்பிலை, பாண்டான் இலை, எலுமிச்சைத் தோல், மல்லிகை ஆகியவற்றை ஒவ்வொன்றில் போடுங்கள். மெதுவாக முகர்ந்து, "இதை எங்கே முகர்ந்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். பாட்டி வீட்டுச் சமையலறையும் தேக்கா சந்தையும் பேச்சில் வரும். வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைகூட, மணத்தைப் பற்றிச் சொல்ல ஆசைப்பட்டுச் சொல்லைத் தேடும். அந்த நேரத்தில் நீங்கள் கொடுக்கும் சொல் மறக்காது.

உணர்வுகளுக்கும் இதே வழி. கோபம், மகிழ்ச்சி, சோகம் என்ற மூன்றோடு நின்றுவிடாமல் ஏமாற்றம், எரிச்சல், கூச்சம், பொறாமை, ஏக்கம் என்று விரித்துச் செல்லுங்கள். உடலோடு சேர்த்துச் சொல்லுங்கள்: நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, முகம் சூடாகிறது, தொண்டை அடைக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்தாதீர்கள். அது சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதையே தமிழில் ஒருமுறை இயல்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். தன் உணர்வைச் சொல்ல வாய் திறந்த பிள்ளையிடம் மொழித் திருத்தத்தைத் தொடங்கினால், இரண்டும் நின்றுவிடும்.

கல்வி அமைச்சின் பாடத்திட்டக் கட்டமைப்பு, பெற்றோருக்கான பதிவேடுகள், ஆண்டு நிறைவுக் கலைநிகழ்ச்சி என்று ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை. இதற்கும் எப்படி நேரம் ஒதுக்குவது? உண்மையைச் சொன்னால், நானே மிகவும் களைத்திருக்கிறேன்.
– கே2 ஆசிரியை, பொங்கோல்

தனி நேரம் ஒதுக்க வேண்டாம். 2022-இல் புதுப்பிக்கப்பட்ட பாலர் கல்விக் கட்டமைப்பிலேயே சமூக, உணர்வு வளர்ச்சி ஒரு கற்றல் துறையாக இருக்கிறது. நீங்கள் செய்வது அதற்குள் அடங்கும். கை, கால், வாய்ப் புண் நோய்க்கு அஞ்சி நம் பிள்ளைகள் நாளில் எத்தனையோ முறை கை கழுவுகிறார்கள். அந்த 20 விநாடிகளில் தண்ணீரின் குளிர்ச்சியையும், சோப்பு நுரையின் வழுவழுப்பையும், விரலிடுக்கில் அது கூசுவதையும் கவனிக்கச் சொன்னால் கையும் நன்றாகச் சுத்தமாகும், பயிற்சியும் முடிந்துவிடும். வெளிவிளையாட்டிலிருந்து திரும்பியதும் நெஞ்சில் கை வைத்து இதயத் துடிப்பைக் கேட்பதும், வரிசையில் நிற்கும்போது உள்ளங்கால் தரையைத் தொடுவதை உணர்வதும் இப்படித்தான்.

உங்கள் களைப்பைப் பற்றி நான் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பின் கதவைத் திறக்கும் முன் ஒரு கணம் நின்று, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, தோள்களைத் தளர்த்தி, ஒரு நீண்ட மூச்சை விடுவது உங்களுக்கு உதவும். பிள்ளைகள் அந்த நாளின் முதல் பாடத்தை உங்கள் முகத்திலிருந்துதான் படிக்கிறார்கள். ஆனால், ஆள் பற்றாக்குறையையும் இடைவேளையின்மையையும் மூச்சுப் பயிற்சியால் சமாளிக்கச் சொல்லும் எந்த நிர்வாகமும் ஆசிரியருக்கு அநீதி செய்கிறது. உணவு இடைவேளை முழுதாகக் கிடைக்கிறதா, பதிவேடு எழுத வகுப்புக்கு வெளியே நேரம் தரப்படுகிறதா என்பவற்றை முதல்வரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். சக ஆசிரியர்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. களைப்பு வார இறுதியிலும் தீராமல், உறக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நான்கு வயது மகனுக்கு இரவில் தூங்குமுன் கைப்பேசிச் செயலியில் கவனப் பயிற்சிக் காணொளி போட்டுக் காட்டலாமா?
– தந்தை, தெம்பனிஸ்

வேண்டாம். 18 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் தவிர்த்து, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே திரை நேரம் இருக்க வேண்டும் என்று 2025-இல் திருத்தப்பட்ட சிங்கப்பூர் வழிகாட்டி அறிவுறுத்துகிறது. தூக்கத்துக்கு முந்தைய நேரம் அந்த ஒரு மணியைச் செலவிட ஏற்றதன்று. விளக்கைத் தணித்து, அவன் பக்கத்தில் படுத்து, கால்விரல் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, "இப்ப முட்டி தூங்கப் போகுது, இப்ப வயிறு தூங்கப் போகுது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் தோளைத் தாண்ட வேண்டியிருக்காது.